சங்கம் வைத்து என்ன சாதித்தோம்? மதுரைத் தெருக்கள், கண்மாய், கால்வாய்

2025 ஜூலை 19 – ஒரு வாசகரின் கேள்வி

"பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 40 நகரங்களைத் தூய்மையில் வரிசைப்படுத்தியதில் மதுரைக்கு நாற்பதாவது இடம். ஆனால் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு குடியிருப்போர் நலச்சங்கப் பலகை நிற்கிறது. ஆகஸ்ட் 15க்குக் கொடியேற்றி மிட்டாய், பொங்கலுக்குக் கோலப்போட்டி, மாதச் சந்தா. இந்தச் சங்கங்களால் ஒரு சாக்கடையாவது ஒழுங்காக ஓடியிருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

ஜூலை 20, இரவு

ஓடியிருக்கிறது. எங்கள் தெருக்களில் ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மதுரையின் வடக்கு விளிம்பில், வயலாக இருந்து மனையாக மாறிய ஒரு குடியிருப்பில் இருக்கிறேன். சங்கத்தின் செயலாளர். நாங்களும் பல வருடம் மிட்டாய், கோலம், சந்தா என்றுதான் ஓட்டினோம். தெருமுனையில் கேமரா வைத்தோம், வேகத்தடை கேட்டு மனு கொடுத்தோம். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த வருடத்தில்தான் சங்கம் என்பது என்ன செய்ய வேண்டும் என்ற பேச்சே எழுந்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியிருப்போர் சங்கம் தனியாக நின்றால் மனு கொடுக்கலாம், அவ்வளவுதான். அந்த நிலத்தில் முன்பு உழுதவர்களோடு, அதாவது பக்கத்து ஊர்க்காரர்களோடு ஒரே பாயில் உட்கார்ந்தால்தான் தண்ணீர்ப் பிரச்சினை எதுவும் தீரும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது.

ஜூலை 23

உங்கள் பக்கம் எந்தக் கண்மாய் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மனு நிலுவையில் இருக்கிறது, ஆக்கிரமிப்பு விஷயமும் உள்ளே இருக்கிறது. பெயர் வேண்டாம். அமைப்பை மட்டும் சொல்கிறேன், மதுரையைச் சுற்றிப் பாதி இடங்களுக்கு இது பொருந்தும்.

மேலே ஒரு கண்மாய், கீழே ஒரு கண்மாய். மேல் கண்மாய் நிரம்பினால் உபரித் தண்ணீர் கலுங்கு என்ற கல் தடுப்பின் மேல் வழிந்து ஓடும், அதைத்தான் மறுகால் என்போம். அந்த மறுகால் தண்ணீர்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. இப்படி ஒன்றுக்கொன்று கோத்த கண்மாய்கள். சாத்தையாறு அணைப் பக்கத்திலிருந்து வரும் தொடர் செல்லூர் கண்மாயில் வந்து முடிந்து, பந்தல்குடி கால்வாய் வழியாக வைகையில் சேர்வதும் இதே முறைதான். நடுவில் ஒரு இடத்தில் அடைபட்டால் தண்ணீர் நின்று யோசிக்காது, தெருவுக்குள் வரும். 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் செல்லூர்ப் பகுதி மூழ்கியதை மதுரையில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகுதான் செல்லூர் கண்மாயிலிருந்து வைகை வரை சிமென்ட் கால்வாய் கட்ட 11.9 கோடி ரூபாய் அறிவித்தார்கள்.

எங்கள் குடியிருப்பு அந்த இரண்டு கண்மாய்களுக்கும் நடுவில் இருக்கிறது. மேல் கண்மாயின் ஆயக்கட்டில், அதாவது அதன் பாசன நிலத்தில்தான் எங்கள் மனைகள். இடையில் ஓடிய வரத்துக் கால்வாய் இப்போது எங்கள் கடைசி மூன்று தெருக்களின் பின்சுவரை ஒட்டிப் போகிறது. மனை வாங்கும்போது தரகர் அதை "ஒரு சின்ன ஓடை" என்றார். நாங்களும் தலையாட்டிவிட்டுப் பத்திரம் பதிந்தோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2011இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது நாங்கள் உள்ளே வந்துவிட்டோம். கீழ்க் கண்மாய் ஊர் ஊராட்சியாகவே நிற்கிறது. ஒரே கால்வாய்க்கு மேல்பாதியில் ஒரு நிர்வாகம், கீழ்பாதியில் வேறு நிர்வாகம். எந்த மேசைக்குப் போனாலும் "அது அவங்க எல்லை" என்ற பதில் தயாராக இருக்கும்.

ஜூலை 26

குப்பையைப் பற்றிப் பேசாமல் கண்மாய்க்குப் போய்விட்டேன் என்கிறார் கேள்வி கேட்டவர். நியாயம்தான்.

எங்கள் தெருவில் ஒரு மூலை எப்போதும் குப்பை மேடாக இருக்கும். "இங்கே குப்பை கொட்டாதீர்" என்று பலகை வைத்தோம், கோலம் போட்டோம், சாமி படம் ஒட்டிய ஓடுகூடப் பதித்தோம். குவிவது நிற்கவில்லை. கடைசியில் எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்காதான் சொன்னார்: "வண்டி பதினொரு மணிக்கு வருது தாயி. அப்போ வீட்ல யாரு இருக்கா? வேலைக்குப் போறவுக வண்டியில போட முடியாமத்தான் மூலையில வச்சிட்டுப் போறாக." வண்டி வரும் நேரத்தைக் காலை ஏழுக்கு முன்பு மாற்றக் கேட்டோம். எட்டாக மாற்றினார்கள். மேடு பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதி எங்கள் கையில் இருக்கிறது. திடக்கழிவு விதிப்படி குப்பையை வகை வகையாகப் பிரித்துத் தர வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. பிரிக்காமல் கொடுத்தால் எல்லாம் கலந்து அவனியாபுரம் வெள்ளைக்கல் கிடங்குக்குத்தான் போகும். அங்கே குடியிருப்பவர்கள் எத்தனை வருடமாகப் புகையையும் நாற்றத்தையும் தாங்குகிறார்கள் என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. நாற்பதாவது இடம் என்று வருத்தப்படும்போது அந்த மக்களையும் நினைத்துக்கொள்வோம். நம் வீட்டு வாசல் சுத்தமானால் போதும் என்று ஒரு சங்கம் நினைத்தால், அது குப்பையை வேறொரு வாசலுக்கு அனுப்பும் சங்கம்.

ஆகஸ்ட் 3

காகிதங்கள் பற்றிக் கேட்டவருக்கு.

முதலில் புலப்படம், அதாவது நிலத்தின் அளவு வரைபடம். உங்கள் பகுதியின் புல எண் தெரிந்தால் அரசின் நில ஆவண இணையதளத்திலேயே பார்க்கலாம். நிலத்தின் வகையைக் குறித்து வைக்கும் 'அ' பதிவேட்டில் அந்த எண் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். கண்மாய், ஓடை, வாய்க்கால் என்று புறம்போக்காக இருந்தால் அதை யாரும் மனையாக விற்க முடியாது. விற்றிருந்தாலும் செல்லாது.

அடுத்தது, கண்மாய் யாருடையது என்பது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் பொதுவாக நீர்வளத்துறை, அதற்குக் குறைவானால் ஊராட்சி ஒன்றியம். இதைத் தெரிந்துகொள்ளாமல் மனு கொடுத்தால் ஆறு மாதம் கழித்து "இவ்வலுவலகத்துக்குத் தொடர்பில்லை" என்று கடிதம் வரும். ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், 2007 என்று ஒன்று இருக்கிறது. அது நீர்வளத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளுக்கானது. ஒன்றியக் கண்மாயைக் காட்டி அந்தச் சட்டத்தை மேற்கோள் காட்டினால் அதிகாரி முதல் வரியிலேயே உங்களை மடக்கிவிடுவார்.

அப்புறம் தகவல் அறியும் உரிமை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் இல்லையென்றால் மாநிலத் தகவல் ஆணையம். பலரும் "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டு எழுதுகிறார்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் தர வேண்டியதில்லை என்று தட்டிவிடுவார்கள். "இந்தப் புல எண்ணுக்கான வரைபட நகல், இந்தக் கால்வாயில் கடைசியாக நடந்த தூர்வாரும் பணியின் மதிப்பீடு, அளவுப் புத்தக நகல்" என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நேரில் போய்க் கோப்பைப் பார்க்கவும் உரிமை உண்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. கோப்பைக் கண்ணால் பார்த்தவரோடு அலுவலகத்தில் பேசும் தொனியே மாறிவிடுகிறது.

எங்கள் கால்வாய் வரைபடத்தில் நல்ல அகலமாக இருக்கிறது. தரையில் ஒரு ஆள் தாண்டிக் குதிக்கலாம்.

ஆகஸ்ட் 4

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. வரைபடம் கையில் கிடைத்தும் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோடு எங்கே, தரை எங்கே என்று பொருத்தத் தெரியவில்லை. கீழ்க் கண்மாய் ஊரில் முன்பு நீர்பாய்ச்சியாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் திறந்து விடுபவராக இருந்த ஒரு பெரியவர்தான் வந்து, முள்ளை விலக்கி, பழைய எல்லைக்கல்லைக் காட்டினார். கல்லைக் கண்ட பிறகுதான் படம் தரையில் உட்கார்ந்தது.

ஆகஸ்ட் 17

முந்தாநாள் கொடியேற்றம் முடிந்ததும் எங்கள் சங்கத்துப் பெண்கள் சிலர் பக்கத்து ஊரின் கிராம சபைக்குப் பார்வையாளராகப் போனோம். ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு தடவை கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்துக்காரர்களுக்கு இந்த நாட்கள் விடுமுறை, அவ்வளவுதான்.

கிராம சபைத் தீர்மானம் வெறும் காகிதம் என்று ஒருவர் மேலே எழுதியிருந்தார். மேலூர்ப் பக்கத்தைப் பாருங்கள். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் முடிந்தது. 2,000 ஹெக்டேருக்கு மேல் நிலம். அதே மாதம் 23ஆம் தேதி கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை மக்கள் நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தப் பரப்புக்குள் அரிட்டாபட்டி இருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். ஏழு குன்று, 72 ஏரி, 200 ஊற்று என்று அரசு அறிவிப்பே சொல்கிறது. தீர்மானத்தால் மட்டும் ரத்தானது என்று சொல்ல மாட்டேன், நடந்த கால்களும் உண்டு. ஆனால் ஊர் ஊராக ஒரே வாசகத்தில் எழுதி வைத்திருந்த தீர்மானம்தான் எல்லோரையும் ஒரே பேச்சில் நிற்க வைத்தது.

நகரத்துக்கு இதற்குச் சமமாக இருப்பது பகுதி சபை. 2022இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று முதன்முதலாகக் கூட்டினார்கள். வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு உறுப்பினர், தலைமை கவுன்சிலர். உங்கள் பகுதி உறுப்பினர் யார் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? சத்தியமாகக் கேட்கிறேன், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஆகஸ்ட் 21

பதில் எழுதியவர்களில் ஒரே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது, அவரும் அந்த உறுப்பினரின் மைத்துனர். சரி, இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

செப்டம்பர் 7

எங்களுக்கும் கீழ்க் கண்மாய் ஊருக்கும் நடந்த சண்டையைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

கீழ்க் கண்மாயின் கலுங்கில் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். கண்மாய் நிரம்பி வரும்போது அந்தக் கற்களுக்கு நடுவே மண்மூட்டை, தழை போட்டு அடைத்து இன்னும் கொஞ்சம் உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்குவார்கள். இது காலங்காலமாக நடப்பது. அந்தக் கொஞ்ச உயரத்தில்தான் கடைசி மடை வயலுக்கு ஒரு நனைப்பு கூடுதலாகக் கிடைக்கும்.

மழை அதிகமான வருடத்தில் எங்கள் கடைசி மூன்று தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கண்மாய் நிரம்பி எதிர்த்து வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். எங்களில் சிலர் இரவோடு இரவாகப் போய்க் கலுங்கு மூட்டைகளை எடுத்துவிட்டார்கள். விடிந்ததும் ஊர் திரண்டு வந்தது. வசவு, கைகலப்பு வரை போய், காவல் நிலையத்தில் எழுதி வாங்கினார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த ஊர்ப் பால்காரர்கூட எங்கள் தெருவுக்கு வரவில்லை.

சமாதானத்தைத் தொடங்கி வைத்தது ஒரு கொத்தனார். அந்த ஊர்க்காரர், எங்கள் வீடுகளில் பாதி அவர் கட்டியவை. கூட்டம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "ஏன் வாயால மட்டம் பாக்குறீக? குழாய வச்சுப் பாப்போம்." கண்ணாடிபோலத் தெரியும் நீளமான ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் பிடித்து மட்டம் பார்ப்பார்களே, அதேதான். கலுங்கில் தொடங்கி, கம்பு நட்டுக் குறி வைத்துக்கொண்டே, இரண்டு தரப்பு ஆட்களும் குழாயின் ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி எங்கள் தெரு வரை வந்தார்கள். மூட்டை அடைத்த கலுங்கின் உச்சியைவிட எங்கள் கடைசித் தெரு மேடாக இருந்தது. கண்மாய்த் தண்ணீர் அங்கே ஏறி வரவே முடியாது.

அப்படியானால் தெருவில் நின்றது என்ன? மேல் கண்மாயின் மறுகாலும் எங்கள் தெருக்களின் மழை நீரும்தான். கால்வாயின் குறுக்கே சாலை போட்டபோது பழைய கல் பாலத்தை எடுத்துவிட்டு ஒரு சிமென்ட் குழாயைப் புதைத்திருந்தார்கள். அதன் வாய் பாதிக்கு மேல் மண்ணடைத்துக் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்டதில் சாலை ஏறி, எங்கள் வாசல்கள் பள்ளத்துக்குப் போயிருந்தன. வண்டி ஏற்ற நாங்கள் கட்டிய சாய்தளங்கள் ஓரச் சாக்கடையை வரிசையாக மூடியிருந்தன.

எல்லைக்கல்லைக் காட்டிய அந்தப் பெரியவர் என்னைப் பார்த்து, "தண்ணி உங்களத் தேடி வரல தாயி, எங்க வயலத் தேடிப் போச்சு. நீங்க நடுவுல நிக்கிறீக" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் அதற்கு மேல் யாரும் குரலை உயர்த்தவில்லை.

செப்டம்பர் 9

"நாங்களும் காசு கொடுத்துத்தான் வாங்கினோம், எங்களை ஆக்கிரமிப்பாளர் மாதிரிப் பேசாதீர்கள்" என்று ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. வங்கிக் கடன் வாங்கி, வட்டி கட்டி, ஆயுள் சேமிப்பைப் போட்டவர்கள்தான் நாம் எல்லோரும். அனுமதி பெற்ற மனையை வாங்கியவர் குற்றவாளி கிடையாது. மதுரையில் நீர்நிலை இருந்த இடத்தில் அரசுக் கட்டடங்களே நிற்கின்றன. உயர் நீதிமன்றக் கிளை இருப்பது உலகனேரி கண்மாய்ப் பகுதியில்தான். தனி மனிதரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

ஆனால் இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கையில் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. வாங்கியது மனை. கால்வாயை நாம் வாங்கவில்லை. எங்கள் சங்க உறுப்பினர் ஒருவரின் பின்சுவர் கால்வாய்க்குள் நிற்கிறது என்று அளவையில் தெரிந்தது. ஊர்க்காரர்களின் வைக்கோல் படப்பும் ஒரு மாட்டுக் கொட்டகையும் அதே கால்வாயின் கீழ்ப்பகுதியில் இருந்தன. முதலில் எங்கள் பக்கத்தைச் சொல்லிவிட்டுத்தான் அவர்கள் பக்கத்தைப் பேசுவது என்று கூட்டத்தில் முடிவெடுத்தோம். எளிதாக இல்லை. அந்த உறுப்பினர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். சாய்தளத்தை இடித்துக்கொண்டார், சுவர் அப்படியே நிற்கிறது. அதை அளவையர் அறிக்கையும் சட்டமும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறோம். அவர் வீட்டில் எனக்கு இன்னும் காபி உண்டு, அதை இழக்க நான் தயாராக இல்லை. கொட்டகை மட்டும் தானாகவே நகர்ந்தது. ஊர்த் தலைவரான அம்பலம் ஒரு வார்த்தை சொன்னார், போதும்.

செப்டம்பர் 28

நவராத்திரிக் கொலு வைத்திருக்கிறீர்களா? மண்பொம்மை செய்யும் விளாச்சேரிக்குப் போய் இரண்டு பொம்மை வாங்கி வந்தேன். களிமண் கண்மாயிலிருந்து வருகிறது. கண்மாய் தூர்ந்து சீமைக்கருவேலம் மண்டினால் விவசாயியோடு சேர்த்துப் பொம்மை செய்பவர்களுக்கும் பிழைப்பு போகும். வண்டல் மண் எடுக்க விவசாயிகளுக்கும் மண்பாண்டம் செய்வோருக்கும் கட்டணம் இல்லை, வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று நடைமுறையை எளிதாக்கியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துச் சிலர் இந்தக் கோடையில் இப்படி எடுத்தார்கள். கண்மாய்க்குத் தூர்வாரியது போலவும் ஆயிற்று, வயலுக்கு எருவும் ஆயிற்று. எவ்வளவு ஆழம், எங்கே வெட்டலாம் என்று பார்க்க ஊரிலிருந்து ஒரு ஆள் நின்றார். ஆள் நிற்காத இடத்தில் லாரிகள் கரையோரம் வரை தோண்டிவிடும். கரை பலவீனமானால் மழையில் யார் பொறுப்பு?

சீமைக்கருவேலம் பற்றி: 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவால் எங்கும் வெட்டினார்கள். மேலாக வெட்டிய இடமெல்லாம் மறுபடி காடு. வேரோடு பிடுங்கிய இடத்தில் நாங்கள் நட்ட புங்கனும் நீர்மருதும் கரைக்கு வெளியே நிற்கின்றன. கரைமேல் பெரிய மரம் நட வேண்டாம் என்று பெரியவர் தடுத்துவிட்டார், வேர் செத்தால் அந்த வழியே கரையில் நீர் கசியும் என்றார்.

அக்டோபர் 5

கால்வாயைச் சுத்தம் செய்யப் பணம் எப்படி என்று கேட்டவருக்கு. கால்வாயில் முள் அகற்றவும் மண் அள்ளவும் ஜேசிபி வாடகை, டீசல், ஆட்களுக்குச் சாப்பாடு. குடியிருப்பில் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தோம். ஊரில் பணம் கேட்கவில்லை, அவர்கள் ஆளும் டிராக்டரும் கொடுத்தார்கள். ஊரே கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் பழைய குடிமராமத்து முறைதான். 2017இல் அரசு அந்தப் பெயரில் திட்டம் தொடங்கியது, அதற்கு முன்பே ஊரில் வழக்கமாக இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தோம். ரசீது நகலோடு வரவு செலவை மறுநாளே சங்கப் பலகையிலும் ஊர்ச் சாவடியிலும் ஒட்டிவிடுவது. வாட்ஸ்அப்பில் போட்டால் போதாதா என்றார்கள். சாவடியில் உட்காரும் பெரியவர்கள் வாட்ஸ்அப் பார்ப்பதில்லை. சுவரில் இருந்தால் நின்று படிப்பார்கள், கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும். பணத்தில் சந்தேகம் வந்துதான் நல்ல சங்கங்கள் பல உடைந்திருக்கின்றன.

அந்தச் சிமென்ட் குழாயை எடுத்துவிட்டுப் பெட்டிப் பாலம் கட்டுவது எங்கள் கையில் இல்லை. 'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். அதற்கு மதிப்பீடு கேட்டிருக்கிறோம்.

அக்டோபர் 26

இரண்டு நாளாக நல்ல மழை. நிறையப் பேர் கேட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

முன்பு மூழ்கிய அந்தக் கடைசி மூன்று தெருக்களில், முதல் இரண்டில் தண்ணீர் நிற்கவில்லை. மூன்றாவதில் நின்றது, ஆனால் மதியத்துக்குள் வடிந்தது. குழாய் வாயைச் சுத்தம் செய்திருந்தும் அதன் அளவு போதவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. பாலம் வராமல் அந்தத் தெருவுக்கு விடிவு இல்லை. அங்கே குடியிருப்பவர்கள் என்னிடம் "உங்க தெரு காய்ஞ்சிருச்சு, எங்களை மறந்துடாதீங்க அக்கா" என்றார்கள். மறக்கவில்லை.

கலுங்கில் மூட்டை போட்டிருக்கிறார்கள். குழாய் வைத்துப் பார்த்த அன்று கலுங்குக் கல்லில் வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு போட்டோம். தண்ணீர் கோட்டைத் தாண்டி, மழையும் விடாமல் பெய்தால் ஊர்க்காரர்களே எடுத்துவிடுவார்கள். நாங்கள் அங்கே கை வைக்க மாட்டோம். இரவு பெரியவர் மகனிடமிருந்து போன்: "கோட்டுக்கு ஒரு சாண் கீழதான் இருக்கு, நிம்மதியாத் தூங்குங்கம்மா."

பால்காரர் வர ஆரம்பித்துப் பல மாதமாகிறது.

நவம்பர் 8

குளத்தைச் சுத்தம் செய்தால் மட்டும் போதாது, தண்ணீர் வரும் வழியைச் சரிசெய்ய வேண்டும் என்று தெப்பக்குளத்தைக் காட்டி எழுதியவரோடு உடன்படுகிறேன். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் வறண்டு கிடந்து, உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடிய காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தைப்பூசத் தெப்பத் திருவிழாவைத் தண்ணீர் இல்லாமல் நிலைத்தெப்பமாக நடத்தினார்கள். வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாயைச் சரிசெய்த பிறகு குளத்தில் தண்ணீர் நிற்கிறது, சுற்றுப்புறத்துக் கிணறுகளிலும் ஊறுகிறது. குளத்தை எத்தனை தடவை கூட்டிப் பெருக்கினாலும் தண்ணீர் வந்திருக்காது. கண்மாய்க் கரையில் நடைபாதை, விளக்கு, சிமென்ட் யானை கேட்கும் சங்கங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நடைபாதை வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் நடப்பவள்தான். முதல் மனு வரத்துக் கால்வாய்க்கு, இரண்டாவது மனு நடைபாதைக்கு.

எங்கள் கண்மாய்க்குப் பறவைகள் வந்ததா என்று கேட்ட நண்பருக்கு: ஆமாம், முக்குளிப்பானும் தாழைக்கோழியும் வந்திருக்கின்றன. பறவைகள் கூடும் சாமநத்தம் கண்மாய் அளவுக்கு இங்கே எதிர்பார்க்க வேண்டாம். கோடையில் தண்ணீர் வற்றும்போது மேலூர்ப் பக்கம்போல இங்கேயும் மீன்பிடித் திருவிழா வைக்கலாம் என்று ஊரில் பேச்சு இருக்கிறது. எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மீன் பிடிக்கும் கூடையான ஊத்தாவைப் பிடிக்கத் தெரியாது. கற்றுக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நவம்பர் 23

"எங்கள் தெருவில் சங்கமே இல்லை, பதிவு செய்துவிட்டுத்தான் இதெல்லாம் தொடங்கணுமா?" என்ற கேள்விக்கு.

மனு கொடுக்கவும் தகவல் கேட்கவும் பதிவு தேவையில்லை. ஒரு குடிமகன் போதும். பணம் வசூலிக்கவும், வங்கிக் கணக்கு வைக்கவும், திட்டத்தில் பங்குத் தொகை கட்டவும் பதிவு இருந்தால் நல்லது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் பதியலாம். பதிந்த பிறகு ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட சங்கங்கள்தான் பலகையோடு நின்றுவிடுகின்றன. ஏழு பேரில் மூவராவது பெண்களாக இருக்கட்டும். தண்ணீர் நின்ற வீட்டில் பகல் முழுக்க இருப்பது யார் என்று யோசித்தால் காரணம் தெரியும்.

உங்கள் கால்வாய் கீழே எந்த ஊருக்குப் போகிறது என்று பாருங்கள். பதிவு அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் அந்த ஊர்ச் சாவடிக்குப் போய்விட்டு வாருங்கள்.

எங்கள் பக்கத்து நிலவரம்: நவம்பர் 1 அன்று ஊர்க் கிராம சபையில் பெட்டிப் பாலத்துக்கும் கால்வாய் அளவைக்கும் தீர்மானம் போட்டுவிட்டார்கள். அதே வாசகத்தை, அதே புல எண்களோடு எங்கள் பகுதி சபையிலும் நிறைவேற்றக் கேட்டிருக்கிறோம். "அது அவங்க எல்லை" என்று இனி எந்த மேசையிலும் சொல்ல முடியாது, எல்லையின் இரு பக்கமும் ஒரே தீர்மானம் இருக்கும். பகுதி சபை முடிந்ததும் வரும் முதல் திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாளில், பெரியவரும் கொத்தனாரும் மூன்றாவது தெருக்காரர்களும் நானும் சேர்ந்து ஆட்சியர் அலுவலகத்தில் இரண்டு நகலையும் கொடுக்கப் போகிறோம். மனு எண் கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.